இன்னும் உங்கள் பெயரில்தான்

அந்த வருஷம் மே மாதத்து ஆலங்கட்டி மழை எங்கள் தெருவைத் தாண்டிப் போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்று ஆர்லிஸ் டாக்கெட் இப்போதும் சொல்வான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிளீவ்லேண்டின் கிழக்குப் பக்கத்தில் அந்த நாட்களில் கூரை ஒழுகாத வீட்டுக்காரர்களையும் கடன் விற்கிறவர்கள் தேடித்தான் வந்தார்கள். சமையலறையை மாற்றித் தருகிறோம் என்றார்கள், ஜன்னல்களை மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஆர்லிஸ் வீட்டுக்கு வந்தவன் கூரையைச் சொல்லிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான்.

நானும் ஆர்லிஸும் ஆற்றோரத்துப் பவுண்டரியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிற இடத்தில் அவன். ஆறின வார்ப்பை உடைத்து மண் உதிர்க்கிற இடத்தில் நான். ஷிப்டு முடிந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். கோடையில் எங்களைப் பார்த்து எல்லாரும் பரிதாபப்படுவார்கள். ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கிற ஜனவரியில் பொறாமைப்படுவார்கள். குடியிருந்ததும் எதிரெதிர் வீட்டில்தான். மரத்தால் கட்டிய மாடி வீடுகள். ஆர்லிஸின் வீட்டுக் கடன் ஏறக்குறைய அடைந்துவிட்டிருந்தது. அவன் மனைவி வெர்லீன் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்த்தாள். அவள் வீட்டுக்குள் காலடி வைத்தால் நமக்கே குரல் தணிந்துவிடும். மேஜை விரிப்பைக்கூட இஸ்திரி போட்டு விரிக்கிறவள். யாரிடமும் ஒரு கோப்பை சர்க்கரை கடன் கேட்டதில்லை. அவர்களுடைய ஒரே மகள் அட்லாண்டாவில் குடும்பம் நடத்தினாள்.

வந்தவன் பெயர் டெல். வெர்லீன் செய்த பீச் பழப் பணியாரத்தை இரண்டு தட்டு சாப்பிட்டான். சாப்பிடும் முன் அவர்களோடு சேர்ந்து கண்ணை மூடி ஜெபம் செய்தான். "எங்கம்மா போனதுக்கப்புறம் இப்படி ஒரு வாய் நான் சாப்பிட்டதே இல்லம்மா" என்று கண் கலங்கினான். கூரைச் செலவு, வெர்லீனின் ஆஸ்பத்திரிச் செலவு, மிச்சமிருந்த பழைய கடன் எல்லாவற்றையும் ஒரே கடனாகச் சேர்த்து, மாதாமாதம் கட்டுகிற தொகையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னான். கொஞ்ச காலம் கழித்து வட்டி ஏறுமே என்று ஆர்லிஸ் கேட்டதற்கு, "அப்போ நானே வந்து வேற கடனுக்கு மாத்திக் குடுத்துடறேன் சார். நான் எங்க ஓடிப் போகப் போறேன்?" என்றான்.

ஓடித்தான் போனான். போட்டுக் கொடுத்த கூரை முதல் பனிக்காலத்திலேயே பழைய மூலையில் ஒழுகியது. வட்டி ஏறின வருஷமே பவுண்டரியில் ஷிப்டைக் குறைத்தார்கள். அடுத்த வருஷம் கேட்டையே பூட்டினார்கள். ஆர்லிஸ் விடியுமுன் எழுந்து காய்கறிச் சந்தையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கினான். பழைய டயர்க் கடையில் நின்றான். உருகிய இரும்போடு நின்று பழகிய உடம்பு. குளிரில் மூட்டை தூக்கித் தோள்பட்டை கழன்றது. வெர்லீன் சம்பளம் மளிகைக்கும் கேஸ் பில்லுக்கும் போனது. வீட்டுக் கடன் தவணை நின்றது. கடன் கம்பெனிக்கு போன் செய்தால் பாட்டுப் போடுவார்கள்.

"ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பொண்ணு எடுக்கிறாடா ஓர்வில்" என்பான் என்னிடம். "ஒருத்தி டெக்சாஸ்ல இருக்கேங்கிறா. இன்னொருத்தி எங்க இருக்கான்னு சொல்லக் கூடாதாம். எல்லாருக்கும் நான் மொதல்லேர்ந்து கதை சொல்லணும். என் கதையை எனக்கே கேக்கப் பிடிக்கலை."

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் ஷெரீப் ஆட்கள் கோர்ட் உத்தரவோடு வந்து, கடன் கட்ட முடியாத டாலிவர் குடும்பத்தை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். நல்ல வெயில். மெத்தை, அடுப்பு, துணிமணி, குழந்தைகளின் செருப்பு எல்லாவற்றையும் தூக்கி வந்து முன்புறப் புல்லில் போட்டுவிட்டுக் கதவில் புதுப் பூட்டைத் தொங்கவிட்டுப் போனார்கள். டாலிவர் லாரி பிடிக்க ஓடியிருந்தான். அதற்குள் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பொருட்களைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வெர்லீன் வேலை முடிந்து, தலையில் வலைத்தொப்பியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். மெத்தையின் கறை பட்ட பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. ஒருத்தி இரும்பு வாணலியைக் கையில் எடுத்துக் கனம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வை கீழ" என்றாள் வெர்லீன்.

"உன்னுதா?"

"உன்னுதும் இல்ல. வை."

அவள் வைத்தாள். வெர்லீன் அந்த மெத்தையை ஒற்றையாளாகப் புரட்டிக் கறையைத் தரைப்பக்கம் தள்ளிவிட்டு வீட்டுக்குள் போனாள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்று ஆர்லிஸ் சொன்னான். ஆர்லிஸ் வீட்டின் மேலும் அப்போதே வழக்கு போட்டாகிவிட்டது என்பது எனக்குத் தெரியாது.

தெரிந்தபோது நான்தான் அவர்களை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு இலவச சட்ட உதவிக்குப் போனேன். சனிக்கிழமைகளில் ஒரு சர்ச்சின் நிலவறையில் வக்கீல்கள் வந்து உட்கார்வார்கள். மடக்கு நாற்காலிகள், பெரிய கேனில் ஆறிப்போன காப்பி. பவுண்டரியில் எங்களுக்குப் போர்மேனாக இருந்தவரே வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆர்லிஸைப் பார்த்ததும் தொப்பியை இறக்கிக்கொண்டார்.

எங்களுக்குக் கிடைத்த வக்கீல் ட்ருடி ஸூபன். ஐம்பதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மாள், ஸ்லோவேனியக் குடும்பம். மூக்கு அடைத்த குரல், மேஜை ஓரத்தில் பாதி கடித்த சாண்ட்விச்.

"யார்கிட்ட கடன் வாங்கினீங்க?"

"டெல்லுன்னு ஒருத்தன்" என்றான் ஆர்லிஸ்.

"அவன் புரோக்கர். பணம் குடுத்தது யாரு?"

"கலிபோர்னியாவுல ஏதோ கம்பெனி. இப்போ மூடிட்டாங்களாம்."

"அப்போ உங்க மேல கேஸ் போட்டது?"

"ஏதோ டிரஸ்ட்டாம் வக்கீலம்மா. பேரு ரயில் மாதிரி நீளமா இருக்கு."

"அவங்களுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

ட்ருடி சிரித்துவிட்டு மூக்கைத் துடைத்தாள். "உங்க கடனை ஒருத்தன் இன்னொருத்தனுக்கு வித்து, அவன் இன்னொருத்தனுக்கு வித்து, கடைசியில இவங்க கைக்கு வந்திருக்கு. நிஜமாவே வந்திருக்கான்னு எனக்குச் சந்தேகம். நீங்க கையெழுத்துப் போட்ட அசல் பத்திரத்தைக் காட்டுன்னு கேட்டா, பாதிப்பேரு முழிக்கிறாங்க. ஆனா" என்று தாளைத் திருப்பினாள், "சம்மன் வந்து இவ்வளவு நாளாச்சே. ஏன் அப்பவே வரலை?"

ஆர்லிஸ் தரையைப் பார்த்தான்.

"வெக்கமா இருந்துச்சு" என்றாள் வெர்லீன், நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

"கோர்ட்டுக்கு வெக்கம் எல்லாம் புரியாதும்மா. பதில் வரலைன்னா எதிராளி சொன்னது அத்தனையும் சரின்னு எழுதிடும். எழுதிட்டாங்க."

"அப்போ முடிஞ்சு போச்சு."

"முடியலை. கஷ்டமாயிருக்கு. தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி மனு போடறேன். அசல் பத்திரத்தைக் கேக்கறேன். வீட்டை ஏலம் போடறதை நிறுத்தப் பாக்கறேன்."

"இதுக்கு உங்களுக்கு என்ன குடுக்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

"சும்மா செய்யிறவங்க ஒழுங்கா செய்வாங்களா?"

"வெர்லீன்!" என்றான் ஆர்லிஸ்.

"கேக்கட்டும் விடுங்க" என்றாள் ட்ருடி. "எனக்குச் சம்பளம் வருதும்மா. சின்னச் சம்பளம். அதனால கொஞ்சம் ஒழுங்கா செய்வேன்." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க. கதவுல எவன் என்னத்தை ஒட்டினாலும் சரி, வந்து என்ன மிரட்டினாலும் சரி, நான் சொல்ற வரைக்கும் வீட்டை விட்டு வெளிய போகாதீங்க. ஏலமே முடிஞ்சாலும் மறுநாளே உங்களைத் தூக்கிப் போட முடியாது. அதுக்குத் தனியா உத்தரவு வரணும். புரியுதா? போகாதீங்க."

திரும்பும்போது ஆர்லிஸ் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பொரித்த மீன் வாங்கினான். ரொட்டியில் வைத்து, காரச்சாறு ஊற்றி, வண்டிக்குள்ளேயே தின்றோம். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை.

"நல்ல பொம்பளைடா. நேரா பேசறா."

"டெல்லும் நேராத்தான் பேசினான்" என்றாள் வெர்லீன் பின் சீட்டிலிருந்து. மீனை அவள் பிரிக்கவேயில்லை.

இலைகள் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தபோது ஏல அறிவிப்பு வந்து கதவில் ஒட்டப்பட்டது. அன்று சாயங்காலம் நான் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். வான்கோழிக் கழுத்து எலும்பைப் போட்டு வேகவைத்த கீரை, சோள ரொட்டி. வெர்லீன் பரிமாறிவிட்டு உட்காராமல் நின்றாள்.

"நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். மேல் மாடி காலியாத்தான் கிடக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை."

ஆர்லிஸ் ரொட்டியைக் கீழே வைத்தான். "வக்கீலம்மா போகாதீங்கன்னுதானே சொன்னாங்க."

"அவ வீட்டுக் கதவுலயா ஒட்டியிருக்கு?"

"மனு போட்டிருக்காங்க. ஜட்ஜ் இன்னும் பாக்கலை."

"பாக்கறதுக்குள்ள ஷெரீப் வருவான். டாலிவர் வீட்டுக்கு வந்த மாதிரி வருவான். டாலிவர் பொண்டாட்டி நைட்டி புல்லுல கிடந்துச்சு, நீ பாக்கலை. நான் பாத்தேன். ஒருத்தன் அதைக் கால்ல தள்ளிட்டுப் போனான்."

"அது வேற. அவங்களுக்கு வக்கீல் கிடையாது."

"ஏ மனுஷா, நம்மளும் சம்மன் வந்தப்ப வாயை மூடிட்டுத்தானே உக்காந்திருந்தோம்? இப்போ வந்து வக்கீலுங்கிற."

ஆர்லிஸ் என்னைப் பார்த்தான். "நீயாவது சொல்லேன்டா ஓர்வில்."

"வெர்லீன், அந்தம்மா சட்டம் படிச்சவங்க" என்றேன். "கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமே."

"அண்ணே, உங்க தட்டுல கீரை ஆறுது" என்றாள். அதற்குமேல் எனக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

ஆர்லிஸ் மறுநாள் ட்ருடிக்கு போன் போட்டு, பேச்சினிடையே போனை வெர்லீன் கையில் திணித்தான். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். வெர்லீன் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க நல்லவங்கதான்" என்றாள் கடைசியில். "நான் தப்பா சொல்லலை. ஆனா எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. நிச்சயமா வரமாட்டாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?... இல்ல, வாய்ப்பு கம்மின்னு சொல்லாதீங்க. நிச்சயமான்னு கேக்கறேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ.

"அதான். நீங்க பொய் சொல்லாம இருந்ததுக்கு நன்றி" என்று போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை, தெருவே சர்ச்சுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நாங்கள் சாமான்களை வாடகை லாரியில் ஏற்றினோம். எல்லாம் ஏற்றி முடித்த பிறகும் வெர்லீன் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் அடுப்பின் உள்பக்கத்தைச் சுரண்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையைப் பின்கட்டிலிருந்து வாசல் வரை துடைத்துக்கொண்டே வந்தாள்.

"யாருக்குடி இதெல்லாம்?" என்றான் ஆர்லிஸ்.

"வர்றவன் என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

ஈரம் காயும் வரை வாசற்படியில் நின்றாள். கதவைப் பூட்டிச் சாவியை உள்ளே விழும்படி தபால் துவாரத்தில் போட்டாள். போகிற விலாசத்தை யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் கை நீட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கடன்காரர்கள் அக்கா வீட்டு வாசலுக்கும் வந்துவிடுவார்களாம். பழைய போன் எண்ணையும் வெட்டிவிட்டாள். மகளிடம் சின்ன வீடு போதும் என்று மாறியதாகச் சொன்னாளாம்.

ஆளில்லாத வீடு என்பது எப்படியோ தெரிந்துவிடுகிறது. டிசம்பரில் ஒரு மத்தியானம் இரண்டு பேர் பிக்கப் வண்டியில் வந்தார்கள். ஏதோ கம்பெனி ஆட்கள் மாதிரி மஞ்சள் சட்டை போட்டிருந்தார்கள். நான் போலீசுக்கு போன் செய்தேன். போலீஸ் வருவதற்குள் பின்பக்கக் கதவை உடைத்துத் தாமிரக் குழாய் அத்தனையும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குழாயை அறுத்தவர்கள் தண்ணீரை மூடவில்லை. நிலவறை நிரம்பி, குளிரில் உறைந்து, சுவர் பிளந்து, பக்கவாட்டில் பனிக்கட்டி நாக்கு மாதிரி தொங்கியது. பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள். ஹீட்டர் போனது. வெளிச்சுவரின் அலுமினியப் பலகைகள் ஆள் எட்டுகிற உயரம் வரை போயின. ஒவ்வொரு முறையும் போன் செய்தேன். "வீட்டுக்காரர் யார்?" என்று கேட்பார்கள். "பேங்க்" என்பேன். எந்த பேங்க் என்றால் எனக்கு என்ன தெரியும்?

ஆர்லிஸ் ஒருமுறை பஸ் பிடித்துத் தனியாக வந்தான். நடைபாதையில் நின்று பார்த்தான். படியேறவில்லை.

"நம்ம வீடு இல்லையேடா" என்றான். "எவனோ ஒருத்தன் சொத்து. அவன் பாத்துக்கட்டும்." பிறகு, "அவகிட்ட சொல்லிடாதே" என்றான்.

பனி உருகின பிறகு நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி எங்கள் தெருவுக்கு வந்தார். டாக்கெட் எங்கே குடியிருக்கிறார் என்று வீடு வீடாக விசாரித்தார். நான் சொல்லவில்லை. ஆனால் வெர்லீன் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சமையல்கட்டு வாசலில், தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம், வீட்டைப் பாழடைய விட்ட குற்றத்துக்காக வீட்டு வழக்கு கோர்ட்டில் ஆஜராகச் சொல்லி உத்தரவைக் கொடுத்தார். உடன் வேலை பார்க்கிற பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ட்ருடியின் அலுவலகத்துக்கு மறுபடியும் நான்தான் வண்டி ஓட்டினேன். அவள் எங்களைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"எங்கம்மா போனீங்க? எத்தனை தடவை போன் பண்ணினேன் தெரியுமா? வீட்டுக்கே வந்து கதவைத் தட்டினேன்."

"அந்த வீடு எங்களுது இல்லை, அவங்க தப்பா எங்க பேரைப் போட்டிருக்காங்கன்னு கோர்ட்டுல சொல்லுங்க" என்றாள் வெர்லீன். "நாங்க போன வருஷமே காலி பண்ணிட்டோம்."

ட்ருடி உட்கார்ந்தாள்.

"டாக்கெட்டம்மா, ஏலம் நடக்கவே இல்லை."

"என்னது?"

"நடக்கிறதுக்கு முந்தின வாரம் அவங்களாவே ஏலத்தை வாபஸ் வாங்கிட்டாங்க. அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லி நான் விடாம கேட்டேன். அதனாலதான்னு சொல்லிக்க எனக்கும் ஆசைதான். ஆனா அது மட்டும் இல்லை. உங்க தெருவுல வீடு வித்தா வர்ற காசு, அவங்க செலவுக்கே காணாதுன்னு கணக்குப் போட்டிருப்பாங்க. அப்படியே விட்டுட்டாங்க. அந்த வீடு இன்னும் உங்க பேர்லதான் இருக்கு."

ஆர்லிஸின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "அப்போ... எங்களுதா?"

"உங்களுதுதான். எப்பவுமே உங்களுதாத்தான் இருந்திருக்கு."

வெர்லீன் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "எப்போ வாபஸ் வாங்கினாங்க?"

"நவம்பர்ல."

"நாங்க போனது அக்டோபர் கடைசி."

"ஆமா."

"அப்போ நாங்க அங்கயே இருந்திருந்தா?"

ட்ருடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் ஏதாவது இதமாகச் சொல்லி மழுப்பியிருப்பார்கள்.

"இருந்திருக்கலாம்" என்றாள். "கடன் தலைமேலதான் இருக்கும். என்னைக்காவது திரும்பி வந்திருப்பாங்க. ஆனா அதுவரைக்கும் இருந்திருக்கலாம்."

வெர்லீன் தலையை ஆட்டினாள். கணக்கில் மிச்சத்தைச் சரியாக வாங்கிக்கொண்டவள் மாதிரி. ஆர்லிஸ் அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் மெதுவாக அவன் கையை விலக்கிவிட்டாள்.

திரும்பும்போது வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சொன்னோம். கேட்கவில்லை. உடைந்த பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போனாள். தரைப் பலகைகள் வில்லாக வளைந்திருந்தன. சுவரைக் கோடாலியால் பிளந்து ஒயரை உருவியிருந்தார்கள். அவள் தேய்த்து வைத்த அடுப்பு இருந்த இடத்தில் ஒரு சதுரம்தான் இருந்தது. யாரோ சில நாள் படுத்திருந்த அடையாளமும் நாற்றமும். வெர்லீன் அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து புல்லில் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு ஆர்லிஸைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்."

"கொஞ்சம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நம்மளுது இல்லைன்னுதானே நினைச்சேன் அம்மணி."

"திட்டேன்" என்றாள். "என்னை ஒரு தடவை வாய் நிறையத் திட்டிடேன். உன்னாலதான்டி இப்படி ஆச்சுன்னு சொல்லேன்."

ஆர்லிஸ் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தான்.

கோர்ட்டில் நீதிபதி மரியாதையாகவே நடத்தினார். அன்று காலை அவர் முன்னால் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் டாக்கெட் தம்பதியைப் போலத்தான். வீட்டைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். ட்ருடி முடியாது என்றாள். அபராதம் போடாமல் விட வேண்டும் என்று கெஞ்சாத குறையாகப் பேசி, அதை வாங்கியும் கொடுத்தாள். இடிக்கிற வேலையை நகராட்சி எடுத்துக்கொண்டது. இடித்த செலவு டாக்கெட் பெயரில் எழுதப்பட்டது.

இடித்தது ஜூன் மாதத்தில். இயந்திரக் கை கூரையைத் தொட்டதும் டெல் போட்ட ஓடுகள் அட்டை மாதிரி சரிந்தன. சாப்பாட்டு நேரம் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. குழியை மண் போட்டு மூடி, மேலே புல் விதையைத் தூவி, வைக்கோலைப் பரப்பிவிட்டுப் போனார்கள். ஆர்லிஸ் என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தான். வெர்லீன் வேலைக்குப் போயிருந்தாள்.

அந்த இடத்தை யாருக்காவது கொடுத்துத் தொலைக்கலாம் என்று ட்ருடி ஒரு வருஷம் அலைந்தாள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுக்கப் பார்த்தாள். நகராட்சியிடம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பழைய கடன் அந்த மண் மேல் அப்படியே கிடப்பதால் யாரும் தொடவில்லை. கடனை ரத்து செய்யுங்கள் என்று அந்த டிரஸ்ட்டுக்கு எழுதினால், இப்போது வேறு ஒருவர் கையில் இருப்பதாகப் பதில் வந்தது. அந்த வேறு ஒருவரிடமிருந்து பதிலே வரவில்லை. பிறகு சட்ட உதவி அலுவலகத்தில் ஆட்களைக் குறைத்தபோது ட்ருடியும் போய்விட்டாள். போகுமுன் ஆர்லிஸுக்கு போன் செய்து, "உங்களுக்கு நான் ஒண்ணும் செய்யலை" என்றாளாம். "எங்களைத் தேடி வந்து கதவைத் தட்டினீங்களே" என்றானாம் இவன்.

புல் வளர்ந்தால் அதற்கும் நகராட்சி ஆள் வந்துவிடுவார். அதனால் கோடை முழுவதும் ஆர்லிஸ் வாரம் தவறாமல் பஸ்ஸில் வந்து, என்னுடைய இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய் அந்த வெற்று மனையில் புல் வெட்டுகிறான். தோள்பட்டை வலிக்கு நடுநடுவே நிற்பான். நான் வெட்டுகிறேன் என்றால் விடமாட்டான். ஒருநாள் காரில் போன யாரோ வண்டியை மெதுவாக்கி, "இடம் விலைக்கா?" என்று கேட்டான்.

"சும்மாவே தர்றேன், எடுத்துக்கோ" என்றான் ஆர்லிஸ்.

கார்க்காரன் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனான்.

போன ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டதால் ஆர்லிஸை நானே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அக்கா வீட்டு மேல்மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். வெர்லீன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். இடித்த நாளிலிருந்து அவள் எங்கள் தெருப்பக்கமே வந்ததில்லை. என்னை உட்காரச் சொன்னாள். ஆர்லிஸ் கதவருகே குனிந்து ஷூவைக் கழற்றினான். அதில் பச்சைப் புல் ஈரத்தோடு ஒட்டியிருந்தது.

"வெட்டினியா?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"வெட்டினேன்."

"ஓரம் எல்லாம்?"

"ஓரம் எல்லாம்."

"நடைபாதையில விழுந்ததைப் பெருக்கினியா?"

"மழை வந்துருச்சு வெர்லீன்."

அவள் கை நின்றது. ஜன்னலைப் பார்த்தாள். சுவர்மேல் மழை வழிந்துகொண்டிருந்தது.

"நாளைக்குப் போய்ப் பெருக்கிட்டு வந்துடு" என்றாள். "தெருவுல போறவங்க பாப்பாங்க."

"சரி" என்றான் ஆர்லிஸ்.